வசனத்தின் முன்பாதி

ஒருவர் வசனத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் படத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். சீட்டு வேண்டாம், பலகை வேண்டாம், காசு வேண்டாம். கை வேலையையும் நிறுத்த வேண்டியதில்லை. பூக்கட்டிக்கொண்டே ஆடலாம், வெங்காயம் உரித்துக்கொண்டே ஆடலாம். அதனால்தானோ என்னவோ எங்கள் குடும்பத்தில் இது பெண்களின் விளையாட்டாகிவிட்டது. நாங்கள் கூடுதலாக மூன்று கேள்விகள் வைத்திருக்கிறோம். யார் சொன்னது? யாரிடம் சொன்னது? மிச்ச வசனம் என்ன? ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ‘யாரிடம்’ என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் தோற்போம்.

ஆட்டம் களைகட்டுவது பங்குனியில், திருமழபாடியில் நந்தி திருக்கல்யாணம் நடக்கும்போது. மாப்பிள்ளை நந்தியெம்பெருமான் திருவையாற்றிலிருந்து கொள்ளிடம் கடந்து வருவார். பெண் சுயசாம்பிகை. ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்பது எங்கள் பக்கத்துச் சொலவடை. அதனால் கல்யாணமாகாத பெண்களைக் கூட்டத்தில் முன்னால் தள்ளிவிடுவார்கள். எனக்கும் அந்தத் தள்ளல் வாய்த்திருக்கிறது. கல்யாணம் முடிந்து கூட்டம் கலைந்ததும், பெரியப்பா வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுப்போம். பத்தொன்பது வயதுப் பெண்ணும் எழுபதைத் தாண்டிய பெரியம்மாவும் ஒரே பாயில். தூக்கம் வரும்வரை வசனம்தான்.

பெரியம்மாவும் அத்தையும் பல படங்களைக் கண்ணால் பார்த்ததில்லை, காதால் பார்த்தவர்கள். திருச்சி வானொலியில் ஒலிச்சித்திரம் போடும்போது அரிசி புடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டுக் கூம்பு ஒலிபெருக்கியில் ‘திருவிளையாடல்’ (1965) வசனம் ஊருக்கே ஒலித்திருக்கிறது. தருமி புலம்புவதைப் பெரியம்மா நாகேஷ் குரலிலேயே சொல்வார். நக்கீரரும் சிவனும் மோதிக்கொள்ளும் இடத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். ஒரு வருஷம் நான் கேட்டேன்: “பெரியம்மா, இவங்க எதைப் பத்திச் சண்டை போடுறாங்க?” “பொம்பளை கூந்தலுக்கு வாசனை தானா வருமா, பூவாலயும் எண்ணெயாலயும் வருமா, அதைப் பத்தித்தான்.” “அதை ராணிகிட்டயே கேட்டிருக்கலாமே?” பெரியம்மா சிரித்துச் சிரித்து இருமினார். இறையனாரின் அந்தக் குறுந்தொகைப் பாட்டைப் பல வருஷமாக வகுப்பில் நடத்துகிறேன். அந்தக் கேள்வியை எனக்கு எந்த உரையாசிரியரும் தரவில்லை. எங்கள் விளையாட்டின் ‘யாரிடம்’ என்ற விதிதான் தந்தது.

அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய வசனங்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ‘16 வயதினிலே’ (1977) படத்திலிருந்து எங்கள் ஆட்டத்தில் மூன்று வசனங்கள் தவறாமல் வரும். ‘இது எப்படி இருக்கு’ பரட்டையுடையது. ‘பத்த வச்சிட்டியே பரட்டை’ கவுண்டமணியுடையது. ‘ஆத்தா வையும், சந்தைக்குப் போகணும், காசு குடு’ சப்பாணியுடையது. பதினாறு வயது யாருக்கு? மயிலுக்கு. படமே அவள் கதை. ஆசைப்பட்டவள், ஏமாந்தவள், கடைசியில் ரயிலடியில் காத்திருப்பவள் அவள். மயில் சொன்ன ஒரு வசனம் சொல்லுங்கள் என்றால் மாடி அமைதியாகிவிடும். மயில் நினைவிருக்கிறாள், அவள் பாவாடை தாவணி நினைவிருக்கிறது, பேச்சு மட்டும் நினைவில்லை.

இது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2005இல் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் ஹாலிவுட்டின் நூறு வசனங்களைப் பட்டியலிட்டது. முதலிடம் ‘கான் வித் த விண்ட்’ (1939) படத்தில், இனி உன்னைப் பற்றி எனக்கு அக்கறையில்லை என்று ரெட் சொல்லிவிட்டுப் போகும் வரிக்கு. அவன் போன பிறகு, நாளை என்று ஒன்று இருக்கிறது என்று ஸ்கார்லெட் சொல்வதோடு படம் முடிகிறது. அந்த வரிக்குப் பட்டியலில் 31ஆம் இடம்.

பெண்கள் சொல்லி நிலைத்த வசனமே இல்லையா என்றால், உண்டு. ‘பொறுத்தது போதும், பொங்கி எழு’. இதைச் சொன்னதும் எல்லோரும் ‘மனோகரா’ (1954) என்பார்கள், சிவாஜி என்பார்கள். சொன்னது கண்ணாம்பா. தாய் மகனிடம் சொன்னது. அதுவரை பொறுத்துக்கொள் என்று அவனைக் கட்டிப்போட்டிருந்தவளும் அவள்தான். பிறகு அந்த வரி மேடைக்கும் சுவருக்கும் போனது. போன வழியில் சொன்னவள் பெயர் உதிர்ந்துவிட்டது. சொன்னபோதும் அவள் தனக்காக எழவில்லை, மகனைத்தான் எழச் சொன்னாள். ‘கண்ணகி’யில் (1942) அதே கண்ணாம்பாவும் ‘பூம்புகா’ரில் (1964) விஜயகுமாரியும் அரசவையில் முழங்கினார்கள். அதற்குக் கணவன் செத்திருக்க வேண்டியிருந்தது.

வசனம் திரையோடு நின்றுவிட்டால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. அது வீட்டுக்குள் வருகிறது. அத்தைக்கு 1984இல் கல்யாணம். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இல் சட்டம் திருத்தப்பட்டபோது, அதற்குமுன் மணமானவர்களுக்கு அது இல்லை என்றார்கள். 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வரம்பை எடுத்தது. மறு வருஷத் திருவிழாவில் அத்தை பெரியப்பாவிடம் கேட்டார். “அண்ணே, சட்டம் வந்திருக்காமே. வீட்டுல எனக்கும் ஒரு பங்கு எழுதுங்கண்ணே.” பேச்சு வளர்ந்து அத்தையின் குரல் உயர்ந்தபோது பெரியப்பா ‘படையப்பா’ (1999) வசனத்தை எடுத்துவிட்டார். அதிகமாகக் கோபப்படும் பொம்பளை நன்றாக வாழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை என்று, ரஜினி மாதிரியே விரலை ஆட்டி. பந்தியிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு மனுஷியின் வழக்கு அந்தச் சிரிப்போடு முடிந்தது. எதிர்த்துப் பேசினால் பெரியப்பாவை மட்டுமா எதிர்க்க வேண்டும்? ரஜினியையும், தியேட்டரில் விசிலடித்த அத்தனை பேரையும் அல்லவா எதிர்க்க வேண்டும்.

அத்தை அதன்பிறகும் திருவிழாவுக்கு வந்துகொண்டிருந்தார், விருந்தாளியாக. சில வருஷம் முன்பு ஓர் இரவு, அவர் முறை வந்தது. “நான் பின்பாதி சொல்றேன், முன்பாதியை நீங்க சொல்லணும்” என்று அதே வசனத்தின் பின்பாதியைச் சொன்னார். கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் படுத்தபடியே சொன்னாள்: “அதிகமா ஆசைப்படுற ஆம்பளை. படையப்பா. ரஜினி சொன்னது. நீலாம்பரிகிட்ட.”

“நீலாம்பரிகிட்ட இல்லடி,” என்றார் அத்தை. “எங்கிட்ட.”

யாரும் சிரிக்கவில்லை. கீழே திண்ணையில் பெரியப்பா செருமும் சத்தம் கேட்டது. அந்த வசனத்தில் ஆணுக்கும் ஒரு பாதி இருந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். வெட்டியெடுத்த பாதியில் இருந்தது ஆசைப்பட்டு வீட்டை வைத்துக்கொண்டவர். அத்தைக்கு இன்றுவரை பங்கு வரவில்லை. ஆனால் அந்த வசனத்தை அந்த வீட்டில் யாரும் அதற்குப்பின் சொல்லி நான் கேட்கவில்லை.

இப்போது இந்த விளையாட்டை வகுப்புக்கும் கொண்டுபோகிறேன். ‘ஓடினாள்’ என்று தொடங்கினாலே மாணவிகள் ‘பராசக்தி’ (1952) என்கிறார்கள். சொன்னது குணசேகரன், சொன்ன இடம் நீதிமன்றம் என்பதும் தெரிந்திருக்கிறது. ஓடியவள் யார் என்றால் சிலர் தங்கை என்கிறார்கள், பெயர் சொல்பவர்கள் குறைவு. அவள் கல்யாணி. அண்ணன் பேசுவதற்கு முன்னால் அதே நீதிமன்றத்தில் அவளும் நின்றாள். வறுமை தாங்காமல் பெற்ற பிள்ளையை ஆற்றில் எறிந்த குற்றத்துக்கு, தன் வாயால் பதில் சொன்னாள். கருணாநிதி அவளுக்கும் வசனம் எழுதியிருக்கிறார். அதை மனப்பாடம் செய்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

மாணவிகளைப் படம் பார்க்கச் சொல்லி, நான்கு கேள்விகளுக்கும் எழுதி வரச் சொன்னேன். எந்தப் படம், யார் சொன்னது, மிச்ச வசனம் என்ன என்பதையெல்லாம் எழுதிவிட்டார்கள். ‘யாரிடம்’ என்பதற்குப் பெரும்பாலோர் ‘நீதிபதியிடம்’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் அதை அடித்துவிட்டு மேலே திருத்தியிருந்தாள்: ‘சொந்த அண்ணனிடம். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.’