எல்லை கடந்த ஒரு நாள்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி கூப்பிடு தூரந்தான். ஆயினும் எங்கள் ஆயாவுக்கு அது இன்றும் 'பிரெஞ்சுக்காரன் சீமை'. அவர் சிறுமியாயிருந்தபோது அக்காள் வீட்டுக்குப் போனால், எல்லையில் மூட்டையை அவிழ்த்துச் சோதிப்பார்களாம்.

சென்ற விடுமுறையில், 1879-இல் திறக்கப்பெற்ற இருப்புப்பாதை வழியே புறப்பட்டேன். "எங்கக்கா வூடு இருக்குதான்னு பாத்துட்டு வாடா" என்றார் ஆயா.

கடற்கரையில் காந்தியடிகள் சிலையையும், 1836-இல் ஒளியேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தையும் கண்டேன். 1908 முதல் பத்தாண்டுகள் பாரதியாருக்குப் புகலிடம் தந்த ஊரல்லவா! நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் ஆயா சொன்ன தெருவில் அந்த வீடு இல்லை; மாடிக் கட்டிடம் ஒன்று நின்றது.

இரவு வீடு திரும்பி உண்மையைச் சொன்னேன். ஆயா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வழியில யாராச்சும் பைய அவுக்கச் சொன்னாங்களா?" என்றார்.

"இல்லை ஆயா."

"அது போதும்."

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்திருந்த அந்த எண்களின் பொருள் அன்றிரவுதான் எனக்கு விளங்கிற்று.