உள்ள வாங்க, டிக்கெட் இல்லை!

வீக் எண்ட் வந்தா மால், சினிமா... போரடிக்கலையா பாஸ்?

சென்னையில படிக்கிறவரா நீங்க? கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி பக்கம் ஒரு எட்டு போயிட்டு வாங்க. ஓவியக் கண்காட்சிக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. 'இதெல்லாம் இங்கிலீஷ் பேசுற ஆளுங்களுக்கு'னு வாசலோட திரும்பிடாதீங்க.

ராமநாதபுரம் பக்கத்துல இருந்து ஹாஸ்டலுக்கு வந்த எனக்கும் அந்தத் தயக்கம் இருந்துச்சு. ஒருநாள் தைரியமா நுழைஞ்சா, உள்ளே மொத்தமே மூணு பேர்! வரைஞ்சவரே பக்கத்துல வந்து, "என்ன தெரியுது தம்பி?"னு கேட்டார். "மழைக்கு முன்னாடி எங்க ஊர்க் கம்மாய் மாதிரி இருக்கு சார்"னேன். அவர் முகத்தைப் பார்க்கணுமே... அப்படி ஒரு சந்தோஷம்!

ஈ.சி.ஆர். போனா சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-ல் கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில ஓவியர்கள் உருவாக்கினது. பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருட்களை வித்த காசுல வாங்கின நிலம் அது. படத்தை மட்டும் நம்பினா வயிறு நிறையாதுனு தெரிஞ்ச மனுஷங்க!

மார்கழியில பல சபாக்கள்ல மத்தியானக் கச்சேரி இலவசம். மேடையில பெரும்பாலும் உங்க வயசுக்காரங்கதான். வருஷக்கணக்கா சாதகம் பண்ணிட்டு வந்து பாடுவாங்க. எதிர்ல பாதி நாற்காலி காலியா கிடக்கும். யுனெஸ்கோ 2017-ல் சென்னையை 'இசை நகரம்'னு பட்டியல்ல சேர்த்துச்சு. பட்டம் ஓகே... கைதட்ட ஆள்?

ராகத்தோட பேர் தெரியலைனா பரவாயில்லை. பிடிச்சா கைதட்டுங்க. பிடிக்கலைனா, பாட்டு முடிஞ்சதும் நைஸா எழுந்து வந்துடுங்க. யாரும் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்க!