நடுவட்டத்துத் தேநீர்

ராயபுரத்தில் குடியிருப்பவனுக்குக் காற்று என்றால் உப்புக் காற்று. பச்சை என்றால் பாசி. ஆகவே, நீலகிரிக்குப் போவதென்று தீர்மானித்ததும் எனக்கு உண்டான உற்சாகம் கொஞ்சமல்ல. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறிய வைபவத்தைப் பற்றி மட்டுமே பத்துப் பக்கம் எழுதலாம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் நடுவட்டம் என்று ஓர் ஊர். சுற்றிலும் தேயிலை, நடுவே பழைய சிறைச்சாலை.

"இத்தனை அழகான இடத்திலே எதுக்கு ஜெயில்?" என்றாள் என் மனைவி.

மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரத்தை, 1860-களில் வெள்ளைக்கார சர்க்கார் இங்கே பயிரிட்டது. சிங்கப்பூர், பினாங்குப் பக்கத்துச் சிறைகளில் இடமில்லாமல் சென்னைக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை இங்கே கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். நீலகிரிக்குத் தேயிலைத் தொழிலைக் கற்பித்ததும் சீனக் கைதிகளே என்று மலையில் சொல்லிக்கொள்கிறார்கள். தண்டனை முடிந்ததும் சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வைத்துப் பிழைத்தார்கள்.

சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் அவர்களைப் போய்ப் பார்த்து, 1909-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்தச் சீனர் ஒருவருக்கு இருந்த ஒரே குறை, கிறிஸ்தவரானபோது தலைப்பின்னலை வெட்ட வேண்டி வந்ததுதானாம்!

ஒரே குறையா? கேட்டவரோ துரை, சொன்னவரோ பழைய கைதி. தாயை விட்டு வந்ததையும், தாய்நாட்டைக் காணாமலே சாகப்போவதையும் துரையிடமா சொல்லிக்கொண்டிருப்பார்? பின்னலைச் சொன்னாரே, அதற்குள் மற்றதெல்லாம் அடக்கம் என்று எனக்குத் தோன்றியது.

சென்னையில் துறைமுகம் கட்டத் தொடங்கியது 1875-இல். அதற்கு முன்பே அலை கடந்து வந்தவர்கள் இவர்கள். என் வீட்டுக்கு அருகே தினமும் நான் காலாற நடக்கும் கடற்கரைதான் அவர்களுக்கு இந்த நாட்டின் வாசல். அதைத் தெரிந்துகொள்ள நான் மலை ஏற வேண்டியிருந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் தேநீர்க் கடைக்காரர் கேட்டார்: "மலையிலே என்ன பார்த்தீங்க, சார்?"

"ஒரு ஜெயில், அண்ணே."

"அதுக்கா அம்மாந் தூரம்? இதோ இருக்குதே புழல்!"

சிரித்தேன். ஆனால் அன்று அந்த ஒரு கிளாஸ் தேநீரைக் குடித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று.