டீ கிளாஸ் இல்லை சார், கிளாஸ் டி!

அண்ணா சாலையில் கேஸினோ தியேட்டர் பக்கம் திரும்பினால் ரிச்சி தெரு. பெயர்தான் தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அக்கம்பக்கத்தை எல்லாம் விழுங்கிவிட்ட ஒரு குட்டி ஊர் அது! அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். வண்டியில் போனால், அதை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் ஒரு டி.வி.யே அசெம்பிள் பண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். பெரும்பாலும் ஷட்டர்கள்தான் வரவேற்கும்.

தெருமுனையிலேயே ஒரு பையன் மடக்கினான்.

"என்ன சார் வேணும்? சிசிடிவியா, சார்ஜரா?"

"கிளாஸ் டி இருக்கா தம்பி?"

"டீ கிளாஸா? பாத்திரக் கடைல கேளுங்க சார்!"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் தேடிப் போனது 'கிளாஸ் டி' ஆம்ப்ளிஃபயர் போர்டு.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு 84 வயது. காது மந்தம். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அது டிராயரில் சுகமாகத் தூங்குகிறது. இந்தக் கால ஒல்லி டி.வி.க்களில் ஸ்பீக்கர் சுவரைப் பார்த்துப் பேசுகிறதா... "நியூஸ் வாசிக்கிறவங்க எல்லாம் ஏண்டா வாயில வெத்தலையோட பேசறாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டார். நாங்கள் ஹாலில் சிரிக்கும்போது அவர் மட்டும் திண்ணையில். அதுதான் உறுத்தியது.

பரணில் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இருந்தன. 1988-ல் அவரே ரம்பம் பிடித்து அறுத்துச் செய்தவை. 8 ஓம். கூடவே செய்த எல்ஏ4440 ஐ.சி. ஆம்ப்ளிஃபயர் எப்போதோ சிவலோகப் பதவி அடைந்துவிட்டது. பெட்டிகளுக்கு மறுபடி உயிர் கொடுக்கத்தான் இந்த யாத்திரை.

கிளாஸ் டி என்றால் என்ன? பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? வேகத்தைக் குறைத்தால் தான் சூடாகுமே, அதுதான் பழைய ஆம்ப்ளிஃபயரின் கதை. கரண்டில் கணிசமான பங்கை வெந்நீர் போடுவதற்கே செலவு செய்யும். கிளாஸ் டி அப்படி இல்லை. ஒரு சுவிட்சை விநாடிக்குச் சில லட்சம் தடவை போட்டுப் போட்டு அணைக்கிறது. சத்தத்துக்கு ஏற்றபடி 'போட்டிருக்கும்' நேரம் கூடும், குறையும். கடைசியில் காயிலும் கபாசிட்டரும் அதை வடிகட்டிப் பாட்டாக்கி அனுப்பும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஸ்பீக்கருக்கே போய்விடும்.

'டி' என்றால் டிஜிட்டல் என்பார்கள். நம்பாதீர்கள். ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவே! இங்கிலாந்தில் சின்க்ளேர் கம்பெனி 1964-லேயே 'எக்ஸ்-10' என்று இந்த வகையில் ஒரு கிட் விற்றது. பெயரில் 10 வாட். வந்ததோ இரண்டரை வாட் சுமாருக்கு. வாட் விஷயத்தில் வாய் நீளம் அன்றைக்கே ஆரம்பம்!

ரிச்சி தெருவிலும் அதே பரம்பரை. ஒரு கடையில் மூன்று போர்டுகளைப் பரப்பினார்கள். கடலை மிட்டாய் சைஸில் பிஏஎம்8403, 40 ரூபாய். 5 வோல்ட்டில் ஓடும், 3+3 வாட். அடுத்தது டிபிஏ3110, 15+15. அப்புறம் டிபிஏ3116, 450 ரூபாய். "50+50 சார்! கல்யாண மண்டபமே அதிரும்!"

"என்ன அடாப்டர் போடணும்?"

"12 வோல்ட், 2 ஆம்ப் தாராளம்."

பன்னிரண்டு இரண்டு இருபத்துநாலு. பாக்கெட்டில் 24 ரூபாயை வைத்துக்கொண்டு 100 ரூபாய் மொய் எழுத முடியுமா? அந்த 50 வாட், 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டி, 10 சதவீதம் சத்தம் சிதைந்தாலும் பரவாயில்லை என்றால் வருவது. நம் கணக்கு சுலபம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 144-ஐ 16-ஆல் வகுத்தால் 9. பக்கத்துக்கு அதிகபட்சம் 9 வாட். வீட்டு ஹாலுக்கு அதுவே ஜாஸ்தி!

வாங்குமுன் போர்டைத் திருப்பிப் பாருங்கள். 24 வோல்ட்டில் ஓட்டுவதாக இருந்தால் பெரிய கபாசிட்டரில் 35 வோல்ட் என்று போட்டிருக்க வேண்டும். 25 என்றால் ஆபத்து. இந்த ரக ஸ்டீரியோ போர்டில் நாலு காயில் இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஹீட் சிங்க்கை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். ஒரு போர்டில் அது கையோடு வந்தது!

சாலிடரிங் வைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் கேட்காமலே ஒரு வார்த்தை சொன்னார். "பழைய பெட்டியா தம்பி? மூணு ஒயர்ல வந்திருக்கும். ரெண்டு மைனஸையும் சேத்துக் குடுத்தீங்கன்னா போர்டு காலி. நாலு ஒயர் போட்டுருங்க."

லட்ச ரூபாய் வார்த்தை. இந்த போர்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் வரும். மைனஸை ஒன்றாக முடியவோ கிரவுண்டில் கட்டவோ கூடாது. அப்பாவின் பெட்டிகளில் நிஜமாகவே மூன்று ஒயர்தான் இருந்தது!

8403-ம் 3116-ம் வாங்கி வந்து வீட்டில் மோதவிட்டேன். டி.வி.யின் ஹெட்போன் துளையிலிருந்து சிக்னல். 40 ரூபாய்க்காரன் மெதுவாகப் பேசும்வரை பிரமாதம். சத்தம் கூட்டினால் மிருதங்கம் தகரம் ஆனது. 3116-ல் ட்வீட்டரில் காதை ஒட்டினால் லேசாக 'ஸ்ஸ்'. தள்ளி உட்கார்ந்தால் அதுவும் இல்லை. ஒரு மணி நேரம் ஓடியும் ஹீட் சிங்க் இளஞ்சூடுதான்.

ஒரே வில்லங்கம், பக்கத்திலிருந்த அப்பாவின் மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் 'கிர்ர்ர்' என்று அலறியது. லட்சக்கணக்கில் சுவிட்ச் போட்டால் ரேடியோவுக்குக் கேட்காதா? ஸ்பீக்கர் ஒயரைக் குட்டையாக்கி, முறுக்கிவிட்டு, போர்டை ஒரு மீட்டர் தள்ளி வைத்ததும் அடங்கியது.

ஏழு மணிச் செய்தி. அப்பா ஈஸிசேரை ஸ்பீக்கருக்கு எதிரே இழுத்துப் போட்டார். அஞ்சு நிமிஷம் பேசவே இல்லை.

"வெத்தலையைத் துப்பிட்டாங்க போலிருக்கு" என்றார்.

மொத்தச் செலவு, அடாப்டர் 200 சேர்த்து 690 ரூபாய். 40 ரூபாய் போர்டு? வீணாகவில்லை. எதிர்வீட்டுப் பையனின் செல்போனோடு சேர்ந்து ஓர் அட்டைப் பெட்டிக்குள் பாடிக்கொண்டிருக்கிறது. அவன் அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருப்பது: '1000 வாட்'!