தியாவ் ஆற்றுக்கு இந்தப் பக்கம்

பாலத்துக்கு இந்தப் பக்கம் மிசோரத்தின் ஸோகாவ்தார். அந்தப் பக்கம் மியான்மரின் சின் மாநிலம். நடுவே ஓடும் தியாவ் ஆற்றில் ஜனவரியில் தண்ணீர் அதிகமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டால் கடந்துவிடலாம். 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மர் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து 30,000-க்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி மிசோரத்துக்குள் வந்திருக்கிறார்கள். 2023 நவம்பரில் எதிர்க்கரை ஊரில் சண்டை மூண்டபோது, ஓரிரு நாளில் ஆயிரக்கணக்கானோர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் சபையிலிருந்து சிலர் கம்பளியும் மருந்தும் கொண்டு போயிருந்தோம். ஐஸ்வாலிலிருந்து சாம்பாய் வழியாக சுமோவில் மலைப்பாதை. இடுப்பு வலியைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது, விடுங்கள்.

பிரஸ்பிட்டேரியன் சபை மூப்பர் ஒருவர் முகாமுக்கு அழைத்துப்போனார். மூப்பரை இங்கே ‘உபா’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். சரிவில் மூங்கில் கால் ஊன்றி, நீலத் தார்ப்பாய் போர்த்திய குடிசைகள். ஒரு குடிசை வாசலில் ஃபாலம் பக்கத்துப் பெண் ஒருவர் தரையில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். பாவின் ஒரு முனை மூங்கில் தூணில் கட்டியிருந்தது. மறுமுனை அவர் இடுப்பைச் சுற்றிய பட்டையில். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கிறது, முன்னால் வந்தால் தளர்கிறது. நம்மூர்க் குழித்தறியைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட முடியாது. இதை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே வந்துவிட்டாராம். கைப்பிள்ளைக்கு அடுத்து அவர் எடுத்தது அதைத்தான்.

பள்ளிக் கொட்டகையில் பாடம் நடத்தியவர் மியான்மரில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ராணுவத்தின் கீழ் வேலை பார்க்கமாட்டோம் என்று ஆசிரியர்களும் செவிலியர்களும் ஆயிரக்கணக்கில் வேலையை உதறினார்களே, அவர்களில் ஒருவர். கம்பளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “சாக்பீஸ் இருக்குமா, ஐயா?” என்று உபா மூலமாகக் கேட்டார். சாம்பாய் கடைத்தெருவில் வாங்கிக் கொடுக்கச் சொல்லி உபாவிடம் பணம் கொடுத்தோம். வெளியே எங்களில் ஒருவர், கம்பளி கொடுப்பதைப் போட்டோ எடுக்க வரிசையை நிறுத்திவைத்திருந்தார். எனக்குப் பிடிக்கவில்லை. வரிசையில் நின்ற பாட்டிக்கும் பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையில் ஜெபக்கூட்டம். எங்கள் ஐயர் ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்கு நாம் என்ன பிரசங்கம் செய்வது? ஜெபத்தில் குங் பியாக் ஹும் என்ற பெயர் வந்தது. 2021 செப்டம்பரில் தந்த்லாங் நகரத்தில், ஷெல்லடியில் தீப்பிடித்த வீட்டை அணைக்கப் போய், சுட்டுக் கொல்லப்பட்ட பாப்டிஸ்ட் போதகர்.

மறுநாள் உபா வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி உலைக்கு அரிசி அளந்தார். அதிலிருந்து ஒரு கை அள்ளிப் பக்கத்து டப்பாவில் போட்ட பிறகே களையத் தொடங்கினார். ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் இப்படி ஒரு கைப்பிடி. சபைப் பெண்கள் வீடுவீடாகப் போய்ச் சேகரிப்பார்கள். 1910-இல் தொடங்கிய வழக்கம் இது. கைப்பிடி அரிசி நம் சபைகளுக்கும் புதிதல்ல. நம்மில் பலர் அதைக் கவரில் போடும் பத்து ரூபாயாகச் சுருக்கிவிட்டோம், அவ்வளவுதான். இங்கே டப்பா இன்னும் அடுப்படியிலேயே இருக்கிறது. அகதிகள் வந்த அன்று யாரும் நிதி திரட்டும்வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை.

“அறுபத்தாறில் விமானம் வந்து ஐஸ்வால் மேல் குண்டு போட்டபோது நான் சின்னப் பையன்” என்றார் உபா. “எங்கள் ஆட்கள் பலர் அந்தக் கரைக்கு ஓடினார்கள். அன்று சோறு போட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது இங்கே இருக்கிறார்கள்.” குண்டு போட்டது நம் இந்திய விமானப்படைதான். மிசோ கிளர்ச்சியை அடக்க, 1966 மார்ச்சில். எல்லை தாண்டுவோரைத் தடுக்கச் சொல்லி 2021 மார்ச்சில் மத்திய உள்துறை கடிதம் எழுதியபோது, இவர்கள் எங்கள் ரத்த உறவுகள் என்று பிரதமருக்கே பதில் எழுதினார் அன்றைய முதல்வர் ஸோரம்தங்கா. அவரும் அந்தக் கிளர்ச்சியில் காட்டுக்குப் போனவர்தான்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே நம் சட்டத்தில் இவர்கள் அகதிகள் என்றே கணக்கில்லை. அனுமதியின்றி நுழைந்த வெளிநாட்டவர்கள். இப்போதைக்கு இவர்களைத் தாங்குவது சட்டமில்லை, உறவும் சபையும்தான். 2011 கணக்கெடுப்பில் 11 லட்சம் பேர்கூட இல்லாத ஒரு சிறிய மாநிலம் எத்தனை வருடம் தாங்கும்?

உங்கள் சபையில் இவர்களுக்காக ஏதாவது சேர்த்தால், பழைய துணி மூட்டை வேண்டாம். அதை மலையேற்றும் லாரி வாடகைக்கு அங்கேயே புதிதாக வாங்கிவிடலாம். பணமாக அங்குள்ள சபைக்கு அனுப்புங்கள். அரிசியா, மருந்தா, அந்த ஆசிரியருக்கு ஒரு சிறு சம்பளமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.