கம்போடிய மண்ணில் 21 நாள்கள்

மறைபரப்புப் பணி என்றதும், பிறந்த நாட்டை மீண்டும் காணாமலே அயல்நாட்டு மண்ணில் அடக்கமான குருக்களே நம் நினைவில் எழுவர். புதுவை மறைபரப்புத் தளத்தை 1776-ஆம் ஆண்டில் ஏற்று நடத்திய பாரீசு வேதபோதக சபைக் குருக்களின் கல்லறைகள் நம் பழைய ஆலயங்கள் சிலவற்றில் இன்றும் உள்ளன. அவர்தம் தியாகத்தின் முன்னே, விமானத்தில் ஏறிச் சென்று மூன்றே வாரங்களில் வீடு திரும்பும் பயணத்தையும் மறைபரப்பு என்று அழைக்கலாமா? வாசக அன்பர்களே, 2024-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நாம் மேற்கொண்ட பயணம் முழுவதும் இவ்வினா நம்முடன் வந்தது.

நம் பங்கைச் சேர்ந்த தம்பதியர் இருவர். கணவர் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்தவர். இவர்களது நாற்பதாவது திருமண நிறைவை மண்டபம் பிடித்து விருந்து வைத்துக் கொண்டாடப் பிள்ளைகள் முனைந்திருந்த வேளையில், கம்போடியாவில் பணிபுரியும் கன்னியர் ஒருவர் விடுமுறையில் வந்து நம் ஆலயத்தில் உரையாற்றினார். கண்ணிவெடியால் கால் இழந்தோரைப் பற்றி அவர் கூறியவற்றைக் கேட்ட தம்பதியர், அன்று மாலையே பங்கு இல்லத்திற்கு வந்தனர். “சாமி, விருந்துக்கு வைத்திருக்கும் பணத்தில் நாங்கள் அங்கே போய் எங்களால் இயன்றதைச் செய்துவிட்டு வரலாமா? தாங்களும் உடன் வர வேண்டும்” என்றனர்.

செய்தி பரவியதும் பங்கு மக்களிடையே இரு வேறு கருத்துகள் எழுந்தன. பாராட்டியோர் பலர். ஆனால், “அந்தப் பணத்தை அனுப்பிவிட்டால் போதாதா? விமானத்துக்குக் கொடுப்பது யாருக்குப் பயன்?” என்று கேட்டோரும் உண்டு. அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விடையைச் சென்று காண்போம் என்று புறப்பட்டோம்.

ஆற்றங்கரைத் தலைநகர்

மீகாங் ஆறும் தோன்லே சாப் ஆறும் கூடும் இடத்தில் அமைந்துள்ளது தலைநகர் புனோம் பென். மழைக்காலத்தில் மீகாங்கில் வெள்ளம் பெருகும்போது, தோன்லே சாப் ஆறு தன் போக்கை மாற்றிப் பின்னோக்கிப் பாய்ந்து, நாட்டின் நடுவேயுள்ள பேரேரியை நிரப்புகிறது. கோடையில் ஏறத்தாழ 2,500 சதுரக் கிலோமீட்டராகச் சுருங்கும் ஏரி, வெள்ளக் காலத்தில் 10,000 சதுரக் கிலோமீட்டருக்கும் மேலாக விரிகிறது. அந்நாட்டவரின் சோறும் மீனும் இந்நீரின் கொடை.

இத்தகைய வளநாட்டில்தான், 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை கெமர் ரூஜ் ஆட்சி நடந்தது. பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் ஏறத்தாழ 17 இலட்சம் மக்கள் மடிந்தனர். பள்ளிக்கூடமாக இருந்து சிறைச்சாலையாக மாற்றப்பட்ட துவோல் ஸ்லெங் இன்று அருங்காட்சியகம். அதன் சுவர்களில் வரிசை வரிசையாகக் கைதிகளின் நிழற்படங்கள். செவிலி அம்மையார் ஒரு குழந்தையின் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். வெளியே வந்த பின்னர், அன்றைய செபமாலையை நாங்கள் மூவரும் மிக மெதுவாகச் சொன்னோம்.

அந்நாட்டுத் திருச்சபையின் வரலாறு கண்ணீரில் தோய்ந்தது. 1555-இல் அங்குச் சென்ற சாமிநாதர் சபைத் துறவி காஸ்பர் த குரூஸ், ஓராண்டளவே தங்கித் திரும்பினார். தாம் திருமுழுக்கு அளித்தவர் ஒரே ஒருவர் என்றும், அவரையும் கல்லறையில் விட்டு வந்ததாகவும் அவர் பின்னாளில் எழுதினார். குறுகிய காலப் பணியாளர்க்கெல்லாம் அவரே முன்னோடி எனலாம்! பின்னர் மெல்ல வளர்ந்த திருச்சபையில் வியட்நாமிய வழியினரே மிகுதியாக இருந்தனர். 1970-இல் அவர்களுள் பலர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் நாட்டை விட்டு ஓடினர். ஐந்தாண்டு கழித்துக் கெமர் ரூஜ் வந்தபோது, தலைநகரின் பேராலயம் கல்லின்மேல் கல் இராதபடி தகர்க்கப்பட்டது. நாட்டில் எஞ்சியிருந்த கம்போடியக் குருக்களுள் ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை. மீண்டும் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்ற 1990-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் மக்கள் வாழும் நாட்டில் கத்தோலிக்கர் 20,000 பேர் அளவே. மற்றவர் பெரும்பாலும் பௌத்தர். வீடு வீடாகச் சென்று மதம் பரப்புவதை அரசு 2007-இல் தடை செய்தது. “அப்படியானால் நமக்கு என்ன வேலை சாமி?” என்று கணவர் கேட்டார். “கைவேலைதான்” என்றோம்.

பனை நிழலில் ஒரு பாதை

தலைநகரிலிருந்து வடமேற்கே, பேரேரியை வலப்புறம் விட்டுச் செல்லும் சாலையில் பாட்டம்பாங் நகர் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். வழிநெடுக நெல்வயல், வயல்வரப்பெங்கும் பனை. பனையே கம்போடியாவின் தேசிய மரம். நம் ஊர்களில் கள்ளிறக்குவது போலவே மரமேறிப் பாளை சீவிப் பதநீர் இறக்கி, வெல்லம் காய்ச்சுகின்றனர். சாலையோரக் கடையில் பனைவெல்லத்தை வாயிலிட்ட கணவர், “உடன்குடிச் சரக்கே தோற்றுவிடும் போலிருக்கிறதே!” என்று வியந்தார்.

மொழியிலும் உறவு தென்பட்டது. கெமர் எழுத்து, பல்லவர் காலத் தென்னக எழுத்திலிருந்து பிறந்தது. ஆசிரியரை அவர்கள் ‘க்ரூ’ என்பது ‘குரு’ என்னும் சொல்லே. பாட்டியை ‘யேய்’ என்றும், பாட்டனைத் ‘தா’ என்றும் அழைக்கின்றனர். நம் தாத்தாவில் பாதி!

சக்கரத்தை யார் சரிசெய்வார்?

பாட்டம்பாங் பகுதி தாய்லாந்து எல்லையை ஒட்டியது. போர்க்காலத்தில் எல்லாத் தரப்பினரும் புதைத்த கண்ணிவெடிகள் இங்கே மிகுதி. 1979 முதல் கண்ணிவெடிகளாலும் வெடிக்காது கிடந்த குண்டுகளாலும் ஏறத்தாழ 20,000 பேர் இறந்தனர். 45,000 பேர் காயமுற்றனர் அல்லது உறுப்பிழந்தனர். போர் ஓய்ந்த பின்னரும் விறகு பொறுக்கச் சென்றவரும் புதுநிலம் திருத்தச் சென்றவரும் பலியாயினர்.

இம்மக்களிடையே சேசு சபைத் துறவியர் நெடுங்காலமாக உழைக்கின்றனர். எல்லைப்புற அகதி முகாம்களில் 1985 முதல் பணிபுரிந்த ஸ்பானியர் என்றிக்கே பிகாரெடோ, 2000-ஆம் ஆண்டில் பாட்டம்பாங் பகுதியின் திருத்தூது ஆளுநராகப் பொறுப்பேற்றார். ‘மீகாங்’ எனப் பெயரிட்ட சக்கர நாற்காலி இப்பணியின் அடையாளம். மர இருக்கை, பின்னே இரு பெரிய சக்கரம், முன்னே ஒரு சிறிய சக்கரம். மேடு பள்ளமான நாட்டுப்புறப் பாதையில் கவிழாமல் செல்லும்; பழுதானால் சைக்கிள் கடைச் சாமான்களைக் கொண்டே பெரிதும் சரிசெய்துவிடலாம்.

எங்களுக்கு அளிக்கப்பட்ட வேலை எளியது. உள்ளூர் உபதேசியார் ஒருவருடன் நாள்தோறும் ஒரு சிற்றூருக்குச் செல்வோம். கணவர் மாமர நிழலில் சாக்கை விரித்து, நாற்காலிகளின் பேரிங்கைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் இட்டு, சக்கரக் கோட்டம் எடுத்து, பஞ்சர் ஒட்டுவார். அம்மையார், செயற்கைக் கால் உரசிப் புண்ணான இடங்களைக் கழுவி மருந்திடுவார். நாம் தண்ணீர் மொண்டு கொடுத்தோம். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தோம். மாலையில் உபதேசியார் வீட்டுத் திண்ணையில் திருப்பலி நிறைவேற்றினோம்.

நான்காம் நாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர், பழுது நீக்கிய நாற்காலியில் அமர்ந்து முற்றத்தை ஒருமுறை சுற்றி வந்தார். கைகூப்பி நன்றி கூறியபின், உபதேசியார் வாயிலாகக் கேட்டார்: “எத்தனை நாள் இருப்பீர்கள்?” சொன்னோம். அவர் சிரித்தார், அச்சிரிப்பில் கசப்பில்லை. “அயல்நாட்டார் வருகிறார்கள், எங்களுடன் படம் எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். நல்லவர்கள்தான். ஆனால் இந்தச் சக்கரம் மழைக்காலத்தில் மீண்டும் இறுகிப்போகும். அப்போது யார் சரிசெய்வார்?”

அன்றிரவு கணவர் உணவில் நாட்டம் கொள்ளவில்லை. “அந்த அம்மா கேட்டது சரிதான் சாமி. ஊரிலேயும் அதைத்தானே கேட்டார்கள்?” என்றார். நெடுநேரம் பேசினோம். அம்மையார்தாம் முடிவு சொன்னார்: “நாம் செய்வதைப் பாதியாகக் குறைப்போம். கற்றுக்கொடுப்பதை இரு மடங்காக்குவோம்.”

மறுநாள் முதல் அன்றாட ஊர்ப் பயணம் நின்றது. ஒரே சிற்றூரில் தங்கினோம். அப்பெண்மணியின் மகனும் இன்னோர் இளைஞரும் கணவரிடம் தொழில் பழக வந்தனர். மொழி தெரியாதது பெருந்தடையாக இருக்குமென அஞ்சினோம். ஆனால் பேரிங் சுழலும் ஓசைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. இளைஞர் தவறாக முடுக்கினால் கணவர் தலையசைப்பார். சரியாக முடுக்கினால் முதுகில் தட்டுவார். இரண்டாம் வாரத்தில் அவர்கள் தாமாகவே ஒரு நாற்காலியை முழுதும் பிரித்துப் பூட்டினர். அம்மையாரோ வீட்டுப் பெண்களை அமர்த்தி, காலின் முனையைச் சோப்பிட்டுக் கழுவி நன்கு உலர்த்துவது, உறையை அன்றாடம் துவைப்பது, புண் ஆறும்வரை செயற்கைக் காலை மாட்டாதிருப்பது ஆகியவற்றைச் செய்துகாட்டினார். சிறுவர்கள் இருவரையும் ‘தா’, ‘யேய்’ என்றே அழைக்கலாயினர்.

புறப்படுமுன் கணவர் தம் கருவிப் பெட்டியை அவ்விளைஞர்களிடம் ஒப்படைத்தார். பணிமனையில் சேர்ந்த ஆண்டு முதல் கூட இருந்த பெட்டி அது. கொடுத்தபோது அவர் கை சற்றே தயங்கியதை நாம் கண்டோம்.

அப்பகுதியில் போற்றப்படும் சிலுவையொன்றில், தொங்கும் இயேசுவுக்கு ஒரு காலில்லை. நம் ஊரில் அத்தகைய சுரூபத்தைப் பழுதுபார்க்க அனுப்பிவிடுவோம். அங்கோ, அதன் முன் ஊன்றுகோல்களைக் கிடத்திவிட்டு மக்கள் செபிக்கின்றனர்.

திரும்பும் வழி

திரும்பும்போது ஏரியின் வடபுறமாக வந்தோம். சியம் ரீப்பில் ஒருநாள் தங்கி, பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய அங்கோர் வாட் கோயிலைக் கண்டோம். ஆனால் எங்களை அதனினும் கவர்ந்தவை, அந்நாட்டில் கண்ணிவெடி தேடப் பழக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பேரெலிகள்! எடை குறைவாதலின் அவை மிதித்தால் வெடி வெடிக்காது. வெடிமருந்தின் மணத்தை முகர்ந்து நிலத்தைப் பிறாண்டிக் காட்டும். ‘மகாவா’ என்னும் எலி நூற்றுக்கு மேற்பட்ட வெடிபொருள்களைக் கண்டுபிடித்து, 2020-இல் பிரிட்டனில் தங்கப் பதக்கம் பெற்று, 2022-இல் இறந்தது. இறைவன் எந்த உயிரையும் தம் இரக்கத்தின் கருவியாக்க வல்லவர்.

பின்னர்த் தாங்கோக் என்னும் சிற்றூர். கம்போடிய இனத்தின் முதல் ஆயரான யோசேப்பு சமார் சாலாஸ் இறுதிநாள்களைக் கழித்த இடம். பாரீசில் பயின்றுகொண்டிருந்தவரை, ஆயர் ராமூஸ் தாயகம் திரும்புமாறு அழைத்தார். வருவது எதை நோக்கியென அறிந்தே அவர் திரும்பினார். 1975 ஏப்ரல் 14 அன்று அவசரமாக ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மூன்றே நாளில் தலைநகர் வீழ்ந்தது. வயலில் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்ட அவர், பசியாலும் நோயாலும் நலிந்து 1977-இல் உயிர் துறந்தார். அவரையும் அவர்தம் தோழர்களையும் பீடத்திற்கு உயர்த்தும் விசாரணை 2015-இல் தொடங்கிற்று. ஆயராக அவர் ஆற்றிய பணிக்காலம் எவ்வளவு குறுகியது! அதை அளக்க நாள்காட்டி உதவாது.

நம் நாட்டில் பிறந்த அந்தோணிசாமி சூசைராஜ் அடிகள், முன்னர்க் குறித்த பாரீசு சபையின் உறுப்பினராகக் கம்போடியா சென்று, 2000 முதல் 2019 வரை கொம்போங் சாம் பகுதியின் திருத்தூது ஆளுநராக விளங்கினார். ஒரு காலத்தில் நமக்குக் குருக்களை அனுப்பிய சபை வழியாக, நாமும் அனுப்பும் பேறு பெற்றோம்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினா. அப்பணத்தை அனுப்பியிருந்தால் சில நாற்காலிகள் கூடுதலாகக் கிடைத்திருக்கும், இது மெய். படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணமாயின், பணத்தை அனுப்புவதே நன்று என்று துணிந்து கூறுவோம். ஆனால் முப்பதாண்டுக் கைப்பழக்கத்தை அஞ்சலில் அனுப்ப இயலாது. கூடாரம் செய்யும் தொழிலாளரான அக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கொரிந்து நகரில் பவுலடியாருக்கு வீட்டையும் வேலையையும் பகிர்ந்தளித்தனர். நாம் சென்றபின் அங்கே எஞ்சுவது என்ன என்பதே உரைகல்.

ஆறு திங்கள் கழித்து, மழைக்காலத்தின் நடுவே, உபதேசியாரிடமிருந்து செய்தி வந்தது. இளைஞர் இருவரும் மாமரத்தடியில் சிறு பட்டறை வைத்துள்ளனர். மூன்றாவதாக ஒருவன் தொழில் பழக வந்திருக்கிறான். அவனுக்கும் ஒரு காலில்லை.

ஓய்வு பெற்றுவிட்டோம், இனி நம்மால் என்ன ஆகும் என்று எண்ணும் பெற்றோரே, உங்கள் கைகள் இன்னும் ஓய்வு பெறவில்லை. அயல்நாடு செல்ல வேண்டுமென்பதில்லை. அடுத்த தெருவிலும் இறுகிப்போன சக்கரங்கள் உண்டு. கம்போடியத் திருச்சபைக்காக இத்திங்கள் ஒரு செபமாலை ஒப்புக்கொடுங்கள்.