வேண்டாதவை என்று எண்ணியவை

புதுவீடு குடிபுகுவோர் முதலில் செய்யும் வேலை, முன்பிருந்தவர் விட்டுச்சென்ற பொருள்களை அப்புறப்படுத்துவதாகும். கால் ஒடிந்த முக்காலி, துருவேறிய ஆணி, பயனறியாத ஒரு கம்பி என ஒவ்வொன்றாக வெளியேறும். கம்பியைக் கழற்றிய பின்னரே, கூரைத் தகரத்தைத் தாங்கி நின்றது அதுதான் என்பது தெரியவரும். கணினி ஒன்றைச் சீர்செய்யப் புகுந்த எனக்கு நேர்ந்ததும் இதுவே.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. எங்கள் பள்ளிக் கணினி அறையில் இருந்த பழைய பெட்டிகளோ அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதியற்றவை. ஓடக்கூடிய கணினிகளை ஒதுக்கிவிட மனம் இடம்தரவில்லை. எனவே, லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தைத் தேர்ந்தேன். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு 2006இல் தோன்றியது இது. விலையில்லை, யாரும் தம் விருப்பம்போல் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். இதன் திரைத்தோற்றத்தையும் பட்டிகளையும் சாளரங்களையும் ஆளும் மேசைச் சூழலுக்குச் 'சினமன்' என்று பெயர்.

நிறுவி முடித்ததும் பட்டியைத் திறந்து பார்த்தேன். தொலைக்காட்சி பார்க்க ஒரு மென்பொருள், பெருங்கோப்புகளைப் பதிவிறக்க ஒன்று, அஞ்சலுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று எனப் பல இருந்தன. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இவை எதற்கு? ஒவ்வொன்றாக நீக்கினேன். நீக்க நீக்க உள்ளத்தில் ஒரு களிப்புப் பிறந்தது. பிள்ளைகளின் கட்டுரையில் தேவையற்ற தொடர்களைச் சிவப்பு மையால் அடிக்கும்போது ஆசிரியருக்கு உண்டாகும் அதே களிப்பு. அக்களிப்பில் ஆபத்தும் உண்டு. அடிக்கும் கை அவ்வளவு எளிதில் நிற்பதில்லை.

அடுத்து, நிறுவப்பட்டவற்றின் முழுப் பட்டியலை எடுத்தேன். அதில் 'பைத்தான்' என்ற பெயர் கண்ணில் பட்டது. அது கணிநிரல் எழுதும் ஒரு மொழி. கைடோ வான் ரோசம் என்னும் நெதர்லாந்து நாட்டவர் உருவாக்கி 1991இல் வெளியிட்டது. மலைப்பாம்பைக் குறிக்கும் சொல்லாயினும், ஒரு நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் பெயரிலிருந்தே அவர் அதை எடுத்துக்கொண்டார். 'எம் பிள்ளைகள் நிரலா எழுதப்போகிறார்கள்?' என்று எண்ணி, நீக்குமாறு கட்டளையிட்டேன். நீக்கப்படவிருக்கும் பொதிகளின் நீண்ட பெயர்ப்பட்டியலைத் திரை காட்டியது. தொடரலாமா என்றும் கேட்டது. நான் படிக்கவில்லை. 'ஆம்' என்று விசையை அழுத்தினேன்.

கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கியபோது, கருந்திரையில் வெள்ளை எழுத்துகள் சில மட்டுமே நின்றன. பட்டியும் இல்லை, படமும் இல்லை. மறுநாள் காலை ஆறாம் ஆண்டு மாணவர்கள் பள்ளி மலருக்காகத் தாம் தட்டச்சு செய்துவந்த கட்டுரைகளை முடிக்க வரவேண்டும். அவை யாவும் அக்கணினியில்தான் இருந்தன. கணினியைக் கொண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்றுத்தருவதாகப் பெற்றோரிடம் பெருமையாகச் சொன்னவன் நான். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காரணம் பின்னரே விளங்கியது. சினமன் மேசைச் சூழலின் பல பகுதிகளும், மின்ட் இயங்குதளத்தின் புதுப்பிப்புக் கருவி முதலிய பலவும் பைத்தான் மொழியிலேயே எழுதப்பட்டவை. ஒரு பொதியை நீக்கினால், அதைச் சார்ந்து நிற்பவை அனைத்தையும் கணினி சேர்த்தே நீக்கிவிடும். குற்றம் கணினியின்மேல் இல்லை. எவையெவை போகும் என்று அது எழுத்தெழுத்தாகச் சொன்னது. படிக்கச் சொல்லிக்கொடுக்கும் நான்தான் படிக்கவில்லை.

நல்வினைப் பயனாக, மென்பொருளை நீக்குவதால் பயனர் எழுதிவைத்த கோப்புகள் அழிவதில்லை. அவை தனி இடத்தில் இருந்தன. விடியற்காலையில் பள்ளிக்குச் சென்று, இணையக் கம்பியைப் பொருத்தி, அந்தக் கருந்திரையிலேயே கட்டளையிட்டுச் சினமனை மீண்டும் நிறுவினேன். முதல் மணி அடிப்பதற்குள் திரை உயிர்பெற்றது. பிள்ளைகளுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

அன்று கற்ற பாடங்கள் சில. கட்டளையோடு ஓர் அடையாளத்தைச் சேர்த்தால், கணினி எதையும் தொடாமல் நீக்கத்தை ஒத்திகை பார்த்துக் காட்டும். 'டைம்ஷிப்ட்' என்னும் கருவி மின்ட்டுடனேயே வருகிறது. மாற்றத்திற்கு முன் அதில் ஒரு படி எடுத்துவைத்தால், பழைய நிலைக்குத் திரும்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவப்பட்டு உறங்கிக்கிடக்கும் மென்பொருள் வட்டில் சிறிது இடம் பிடிக்குமேயன்றி, வேகத்தைக் குறைப்பதில்லை. தொடங்கும்போதே உடன் எழுந்து பின்னணியில் ஓடுபவையே பழைய கணினியைத் தளரச்செய்கின்றன. அவற்றையும் நீக்க வேண்டியதில்லை. தொடக்கப் பட்டியலில் அணைத்துவைத்தால் போதும்.

இலக்கண வகுப்பில் சாரியையை நடத்தும்போது மாணவர் ஒருவர் கேட்டதுண்டு: "ஐயா, பொருளே இல்லாத உறுப்பு எதற்கு?" மரம் என்ற சொல்லோடு ஐ உருபு சேரும்போது இடையில் அத்துச் சாரியை தோன்றி 'மரத்தை' என்றாகிறது. அத்து என்பதற்குத் தனிப்பொருள் இல்லை. ஆனால், அதை எடுத்துவிட்டால் சொல் நிற்பதில்லை. இவ்வாறு விளக்கம் சொன்ன நானே பைத்தானை வேண்டாதது என்று எறிந்தேன்.

கணினியோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன், கால அட்டவணையிலிருந்து வாரம் ஒருமுறை நடந்த கதை நேரத்தை எடுத்துக் கணிதத்திற்குக் கொடுத்தேன். தேர்வில் கேட்கப்படாத ஒன்று என்பதே என் வாதம். மூத்த ஆசிரியை ஒருவர் மெல்ல மறுத்துரைத்தார். அந்தப் பட்டியலையும் நான் படிக்கவில்லை. சில மாதங்களில் நூலக அலமாரியில் புத்தகங்கள் அசையாமல் நின்றன. கதை கேட்ட பிள்ளைகளே கதை தேடி நூலகம் வந்தவர்கள் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கருந்திரைமுன் அமர்ந்திருந்த இரவில்தான் உறைத்தது.

மறுவாரம் அந்த ஆசிரியையிடம் சென்று, "கதை நேரத்தைத் திரும்பக் கொண்டுவருவோம், டீச்சர்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டார்.